மண்ணோடு பேசிய ஞாயிற்றுக்கிழமைகள்

இன்று காலை குளியலறைக் குப்பைக் கூடையில் ‘அது’ கிடந்தது. அதற்கு என்ன பெயர் சொல்வது என்று எங்கள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. டம்ளர் என்று சொல்ல முடியாது, ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. சட்டி என்றால் வாய் சிறுத்திருக்கிறது. பூந்தொட்டி என்று நினைத்து ஒரு மணிபிளான்ட்டை வைத்துப் பார்த்தோம், செடி கோபித்துக்கொண்டு செத்துப்போனது. கடைசியில் பல் விளக்கும் பிரஷ்களைத் தாங்கும் பதவியைக் கொடுத்தோம். அடியில் தண்ணீர் கசிகிறது, பிரஷ்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன. ஆனாலும் நான் அதை விடுவதாக இல்லை.

“யாரு இதக் கூடையில போட்டது?” என்றேன்.

“நாந்தான். மாமாவும் அத்தையும் பத்திரிகை வைக்க வாராக, பாத்ரூமக் கழுவி விடுன்னு நீதானம்மா சொன்ன,” என்றாள் மகள். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். லீவுக்கு வந்தால் வீட்டில் பாதியைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் திரும்பப் பஸ் ஏறுவாள். பழைய டிபன் பாக்ஸ், மூடி தொலைந்த டப்பா, நான், எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

கூடையிலிருந்து எடுத்துக் குழாயடியில் காட்டினேன். வழவழப்புப் பூச்சு ஏதும் இல்லாத வெறும் சுட்ட மண். தண்ணீர் பட்டதும் வாசம் கிளம்பியது. முதல் மழைக்கு எழும்புகிற வாசம் என்று எழுதத்தான் கை வருகிறது, ஆனால் எனக்கு இது வேறு வாசம். ஈர மண்ணும் ஏலக்காயும் கலந்த வாசம். சட்டியில் ஏலக்காய் இல்லை, என் மூக்கில்தான் இருக்கிறது. டீயில் ஒரு ஏலக்காயைத் தட்டிப் போட்டால்கூட எனக்குக் கைவிரல் இடுக்கில் சேறு காய்ந்த மாதிரி இருக்கும்.

ஏனென்றால் நாங்கள் சக்கரத்தில் மண்பாண்டம் செய்யக் கற்றுக்கொண்ட இடம் முன்பு மூட்டை அடுக்கிவைத்த ஒரு பழைய ஏலக்காய்க் கிட்டங்கி. எங்கள் ஊர் தேனியில் கடைவீதிக்குப் பின்னால், மாடியில். போடியில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துக்குச் சொந்தமானது. அந்த வீட்டுப் பெண் கிரேஸ், பெங்களூருக்குப் போய்ப் பானை வனையப் படித்துவிட்டு வந்திருந்தாள். அப்பாவிடம் அடம்பிடித்து மூட்டைகளைக் காலி செய்யவைத்து, நாலு மின்சாரச் சக்கரத்தை இறக்கி, ‘பெரியவர்களுக்கான மண்பாண்டப் பயிற்சி, ஞாயிறு காலை’ என்று போர்டு மாட்டிவிட்டாள். மூட்டைதான் போனது, வாசம் போகவில்லை.

நான் ஆசைப்பட்டு அங்கே போகவில்லை. டாக்டர் அனுப்பினார் என்றுதான் சொல்ல வேண்டும். “பிரஷர் எறங்க மாட்டேங்குது, மனசு லேசாகிற மாதிரி ஏதாச்சும் பழகுங்கம்மா,” என்றார். வீட்டுக்காரர் போனில் தேடி, யோகா வேண்டாம், பாட்டு நமக்கு வராது என்று கழித்துக் கழித்து, மண்ணில் கொண்டுவந்து நிறுத்தினார். மனது லேசாக வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு நான் ஒன்று சொல்கிறேன், சக்கரத்துப் பக்கம் மட்டும் போகாதீர்கள். அதைப் போல மனிதரைக் கடுப்பேற்றும் பொருள் இன்னொன்று இல்லை.

பிரஷர் ஏன் ஏறியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்து, பூ வைத்து, மண்டபமும் பார்த்த பிறகு மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. அது ஒரு அடி. அந்த ஈரம் காய்வதற்குள் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் கூடியது. எங்கள் வீட்டு வழக்கப்படி முதல் பத்திரிகை குலசாமிக்கு, அடுத்தது பெண்ணுக்கு அத்தை வீட்டுக்கு. அத்தை நான். தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, பழம், சேலை வைத்து, அண்ணனும் மதினியும் வாசலேறி வந்து கூப்பிட வேண்டும். மகள் அப்போது லீவு போட்டு வீட்டில்தான் இருந்தாள். நானும் வீட்டைப் பெருக்கி, பாலை வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

பத்திரிகை வாட்ஸப்பில் வந்தது. கூடவே ஒரு கும்பிடுகிற கை.

என் அண்ணன் மனைவி மதினி மட்டும் அல்ல, அதற்கு முன்னால் என் சிநேகிதி. நான் அனுமந்தன்பட்டி, அவள் சுருளிப்பட்டி. உத்தமபாளையத்துக்கு ஒரே பஸ்ஸில் காலேஜ் போனவர்கள். கம்பத்தில் ஏறும்போதே எனக்கும் சேர்த்துக் கைக்குட்டை போட்டு சீட்டுப் பிடித்து வைத்திருப்பாள். கூட்டத்தில் நிற்கிறவர்கள் திட்டத் திட்ட அந்தக் கைக்குட்டையை அனுமந்தன்பட்டி வரை காப்பாற்றிக் கொண்டுவருவாள். கோடை லீவில் கம்பத்தில் ஒன்றாகத் தையல் பழகினோம். அவளை அண்ணனுக்குப் பேசச் சொல்லி வீட்டில் அழுது சாதித்ததே நான்தான். தாலி கட்டிய மறுநாள் அம்மா என்னைக் கூப்பிட்டு, “இனிமே ஏடி வாடின்னு கூப்பிடாத, மதினின்னு சொல்லு,” என்றார்கள். அன்றிலிருந்து அவள் ‘வாங்க மதினி’ ஆனாள். இங்கே எழுதும்போது வந்தாள் போனாள் என்று எழுதுகிறேன், நேரில் நின்றால் வாய் வராது.

அப்பேர்ப்பட்டவள் ஏன் வாசலேறி வரவில்லை? நான் யோசித்துப் பார்த்தேன், ஒரே ஒரு காரணம்தான் அகப்பட்டது. கல்யாணம் நின்றுபோன வீடு. அங்கே முதல் தட்டைக் கொண்டுபோக வேண்டாம், நம் பெண்ணுக்கும் ஏதாவது ஆகிவிடும் என்று நினைத்துவிட்டாள். என் வீட்டை ராசியில்லாத வீடாக்கிவிட்டாள். நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. வீட்டுக்காரர் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து, ரசம் நன்றாக இருந்தது என்று வேறு சொன்னார். அதோடு மதினிக்கும் எனக்கும் பேச்சு நின்றது. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவள் அப்படி நினைத்தாளா, இல்லையா? அதை வாயைத் திறந்து கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் தூங்கவும் முடியவில்லை. மாத்திரையால் பிரஷர் எப்படி இறங்கும்?

இந்த நிலையில்தான் முதல் ஞாயிற்றுக்கிழமை கிட்டங்கி மாடிப்படி ஏறினேன். நாலு சக்கரம், ரெண்டு ரெண்டாக எதிரும் புதிருமாகப் போட்டிருந்தது. முழங்கால் இடிக்கிற நெருக்கம். எனக்குக் கொடுத்த சக்கரத்துக்கு எதிரே, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மதினி உட்கார்ந்திருந்தாள்.

மகளைக் கட்டிக் கொடுத்த பிறகு வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று அவள் சொல்ல, அண்ணன் சின்னமனூரிலிருந்து அவளை இங்கே சேர்த்துவிட்டிருக்கிறார். அண்ணனுக்கு உரக்கடை. கடையில் அவள் வந்து உட்கார்ந்தால் கணக்குக் கேட்பாள் என்று பயந்து அனுப்பியிருப்பார் என்பது என் எண்ணம். எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். அவளும் அதையே நினைத்திருப்பாள், பையைக்கூடக் கையில் எடுத்தாள். யார் முதலில் எழுந்து போனாலும் அவர் தோற்றவர். ரெண்டு பேரும் உட்கார்ந்தோம்.

பிசைவதிலேயே ஆரம்பித்தது வம்பு. மண்ணைப் பிசையச் சொன்னால் எங்களுக்குத் தெரிந்த மாதிரிதானே பிசைவோம்? மடித்து, மடித்து, குத்தி. கிரேஸ் ஓடி வந்தாள். “ஆன்ட்டி, சப்பாத்தி மாவு மாதிரி மடிக்காதீங்க. உள்ள காத்துப் போயிரும். சூளையில வெடிச்சிரும்.” அந்தப் பெண்ணுக்கு என் மகளைவிடக் கொஞ்சம் கூடுதல் வயது, அவ்வளவுதான். வாய்க்கு வாய் ஆன்ட்டி. மண்ணைவிட அதுதான் எனக்கு எரிந்தது.

அடுத்தது பெடல். சக்கரத்துக்குக் கீழே காலால் அழுத்த ஒரு பெடல் இருக்கும். கார் ஓட்டுகிறவர்கள் மாதிரி மெதுவாக அழுத்திப் பிடித்தால் போதும், சக்கரம் ஒரே சீராகச் சுற்றும். எனக்கோ கால் தானாக முன்னும் பின்னும் ஆடியது. அழுத்தும்போது சக்கரம் பேயாட்டம் ஆடும், விடும்போது நிற்கும், மறுபடி பாயும். மண் சேலையிலும் சுவரிலும் தெறித்தது. “ஏன் ஆன்ட்டி கால ஆட்டுறீங்க?” என்று கிரேஸ் தலையில் கைவைத்துக்கொண்டாள். நிமிர்ந்து பார்க்கிறேன், எதிரே மதினியின் காலும் ஆடிக்கொண்டிருக்கிறது. அதே வேகம், அதே தாளம். கம்பத்தில் தையல் மெஷின் மிதித்துப் பழகிய கால்கள். சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது, பல்லைக் கடித்து அடக்கினேன். மதினி தலையைக் குனிந்துகொண்டாள், தோள் குலுங்கியது. பேச்சு இல்லாதவர்கள் சேர்ந்து சிரிக்கக் கூடாது, அது முறையில்லை.

நாலாவது சக்கரம் கிரேஸுக்கு, மூன்றாவதில் போடி ஏலக்காய் வியாபாரி ஒருவர் இருந்தார். நல்ல மனிதர். கையில் மோதிரத்தோடு மண்ணில் இறங்கி, வாரா வாரம் மோதிரத்தைத் தேடிக்கொண்டிருப்பார். ஆரம்பத்தில் எங்கள் பேச்சுவார்த்தை எல்லாம் அவர் வழியாகத்தான் நடந்தது. பொதுவாக ஒரே தண்ணீர் வாளி, ஒரே பஞ்சு. “அண்ணே, அந்த வாளிய இங்கன தள்ளச் சொல்லுங்க,” என்பேன். “தண்ணி வேணும்னா எந்திரிச்சு வந்து எடுத்துக்கிடச் சொல்லுங்கண்ணே,” என்பாள். வாளிக்கும் எனக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருக்கும். அவர் பாவம் கொஞ்ச நாள் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். பிறகு ஒரு நாள் மண்ணைப் போட்டுவிட்டு எழுந்து நின்றார். “ஏம்மா, நான் சட்டி செய்ய வந்தேனா, தூது போக வந்தேனா? வீட்லயும் இதே பொழப்பு, இங்கனயும் இதே பொழப்பா?” என்று சொல்லிவிட்டு சனிக்கிழமை வகுப்புக்கு மாறிக்கொண்டார்.

தூது போக ஆள் இல்லை. என்ன செய்வது? அன்று மதினியின் சக்கரத்தில் மண் காய்ந்து, அவள் கையோடு ஒட்டி இழுத்துக்கொண்டிருந்தது. பார்க்கப் பொறுக்கவில்லை. என் முன்னால் இருந்த மண்ணைப் பார்த்துச் சொன்னேன்:

“ஏ மண்ணு, தண்ணி காட்டாட்டி நீ எப்படி வருவ? எதுத்தாப்ல இருக்கவளுக்கு அதுகூடத் தெரியலையே.”

என் மண் சொதசொதவென்று தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. மதினி தன் மண்ணைப் பார்த்தாள்.

“நீ பேசாம இரு. ஊருக்கு உபதேசம் பண்றவுக சட்டி கொழம்பா ஓடுது. அதப் பாக்கச் சொல்லு.”

அவ்வளவுதான், வழி திறந்துவிட்டது. நம் பக்கத்தில் சண்டைக்காரர்கள் மாட்டிடமும் கோழியிடமும் சுவரிடமும் பேசுவது புதிது அல்ல. ஜாடைப் பேச்சு என்பார்கள். அது குத்திக்காட்ட மட்டும்தான். நாங்களும் குத்தத்தான் ஆரம்பித்தோம். மண்ணைக் கழுதை என்றோம், கூறுகெட்டதே என்றோம். திட்டுவதற்கு மண் அவ்வளவு வசதி. நடுவில் நிற்க மாட்டேன் என்கிறது. நடுவில் நின்றால் துளை போட விட மாட்டேன் என்கிறது. துளை போட்டு மேலே இழுத்தால் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்து, கடைசியில் மாடிப்படியில் உட்கார்ந்த குடிகாரன் மாதிரி மடங்கி விழுகிறது. கம்பியால் அறுத்து எடுத்து, மறுபடி பிசைந்து, மறுபடி முதலிலிருந்து. ஒரு காலைப் பொழுதில் நான் செய்த சாமான் ஒன்றும் இராது, திட்டியது மட்டும் மிஞ்சும்.

குத்துப் பேச்சு எப்போது வேறு பேச்சானது என்று தெரியவில்லை. ஒரு நாள் மதினி, “ஏ ஆத்தா, ஒனக்குச் சேதி தெரியுமா, எம்மக சாம்பார் வைக்கப் பழகிட்டா, போன்ல காட்டினா,” என்று மண்ணிடம் சொன்னாள். நான் என் மண்ணிடம், “இங்க ஒருத்தி கோயம்புத்தூர்ல மூணு வேளையும் ஓட்டல்ல வாங்கித் திங்கிறா. கல்யாணம்னு வாயத் தொறந்தா போன வச்சிர்றா,” என்றேன். “வைக்கட்டும் விடு. பேசாதடி அவகிட்ட அதப் பத்தி. கொஞ்ச நாள் மூச்சு விடட்டும்,” என்று அவள் மண்ணுக்குப் புத்தி சொன்னாள். மாதவிலக்கு நிற்கிற வயதின் வேதனை, அண்ணனின் குறட்டை, நான் வேலை பார்க்கிற ஆபீசில் கம்ப்யூட்டர் பில் போடும் தொல்லை, ராத்திரியில் காரணமில்லாமல் வருகிற அழுகை, எல்லாம் மண்ணுக்குச் சொன்னோம். வாடி போடி என்றே சொன்னோம். மண்ணைப் போய் யாராவது நீங்க என்று கூப்பிடுவார்களா? தாலி கட்டிய மறுநாளிலிருந்து அவளிடம் பேசாமல் விட்டதையெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் பேசி முடித்தேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை.

கிரேஸ்தான் குழம்பிப் போனாள். “ஆன்ட்டி, ரெண்டு பேரும் க்ளேகிட்ட பேசுறீங்களா, உங்களுக்குள்ள பேசுறீங்களா?” என்று ஒரு நாள் கேட்டே விட்டாள். “எங்களுக்குள்ள பேச்சே கெடையாதும்மா,” என்று ரெண்டு பேரும் ஒன்றாகச் சொன்னோம்.

ஆனால் அந்த ஒரு கேள்வி மட்டும் அப்படியே கிடந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்டுவிட வேண்டும் என்று போவேன். சக்கரம் சுற்றும், கேட்க வாயெடுப்பேன், சட்டி மடங்கி விழும், எரிச்சலோடு வீடு வந்து சேர்வேன். அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். ஆமாம் என்று சொன்னால் மண்ணோடு பேசுவதையும் நிறுத்த வேண்டியிருக்கும்.

ஒரு நாள் கரண்டு போனது. ரெண்டு சக்கரமும் மெல்ல நின்றன. மின்விசிறி நின்றது. கிரேஸ் இன்வெர்ட்டர் ஏன் வேலை செய்யவில்லை என்று பார்க்கக் கீழே போனாள். சக்கரச் சத்தம் இருக்கும் வரை பேசுவது எளிதாக இருந்தது, இப்போது மூச்சு விடுவதுகூடக் கேட்டது. பாதி எழுந்த என் சட்டியைப் பிடித்தபடி சொன்னேன்.

“ஏ மண்ணு, ஒன்னையத்தான் கேக்குறேன். எங்க வீட்டுக்கு ஏன் வரல? கல்யாணம் நின்ன வீடு, ராசியில்லாத வீடுன்னுதான வரல?”

மதினி தன் மண்ணிலிருந்து கையை எடுக்கவில்லை. அதைப் பார்த்தே சொன்னாள்.

“ராசியாவது ஒண்ணாவது. ஒங்கிட்ட நான் என்னைக்கு ராசி பாத்திருக்கேன்? தட்டெல்லாம் அடுக்கிக் கெளம்பி, தேனி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டேன். அங்கன எறங்கி நிக்கும்போதுதான் நெனப்பு வருது. அந்தப் புள்ள வந்து கதவத் தொறக்கும். அது மொகத்துக்கு நேரா எம்மக பத்திரிகைய எப்படி நீட்டுறது? அதுக்குக் கல்யாண ஜாக்கெட்டுத் தைக்கிறேன்னு அளவு வாங்கி வச்சவ நானு. அளவுத்துணி இன்னும் எங்க வீட்டு மெஷின்லதான் கெடக்கு. கையி காலு ஓடல. ஒங்கண்ணன இழுத்துக்கிட்டுத் திரும்பிப் போய்ட்டேன்.”

மண்ணுக்கு ஏது அண்ணன் என்று கேட்கத் தோன்றவில்லை. நான் நினைத்தது அவ்வளவும் தப்பு என்று ஒரு பக்கம் நிம்மதி. இன்னொரு பக்கம், பஸ் ஸ்டாண்டு வரை வந்தவளுக்கு இன்னும் ரெண்டு தெரு நடக்கத் தெரியவில்லையே என்று அப்படியொரு ஆத்திரம். ஏதோ சொல்ல வாயெடுத்தேன், கரண்டு வந்துவிட்டது. மதினி பெடலிலிருந்து காலை எடுக்கவே இல்லை. சக்கரம் ஒரே பாய்ச்சலாகக் கிளம்பி, அவள் சட்டி பறந்து வந்து என் மடியில் விழுந்தது. கிரேஸ் மேலே வந்து பார்த்தபோது ரெண்டு பேர் முகத்திலும் சேறு. கண்ணைத் துடைத்தது எதற்கு என்று அவளுக்குத் தெரியாது.

பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் கிடைத்தது. அந்த வாரம் முழுக்க என்னென்னவோ யோசித்தேன், நன்றாகக் கேட்க வேண்டும் என்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்ததும் வந்தது இதுதான்:

“வந்திருந்தா என்னடி? மூணு பேரும் ஒக்காந்து அழுதிருப்போம். அழுதுட்டுக் காப்பி குடிச்சிருப்போம். அதுக்காகப் பால் வாங்கி வச்சிருந்தேன்.”

சொல்லும்போதே கையை அழுத்திவிட்டேன் போல, மண் நடுவிலிருந்து விலகி, சக்கரத்தில் தடதடவென்று ஆட ஆரம்பித்தது. பிடிக்கப் பார்க்கிறேன், அது என்னையே சேர்த்து ஆட்டுகிறது. அப்போது எதிரிலிருந்து மதினி எட்டி, என் ரெண்டு கைக்கு மேலேயும் தன் கையை வைத்து அழுத்தினாள். மண் ஆட்டத்தை நிறுத்தி நடுவில் நின்றது. அப்படி நின்றது அன்றைக்கு மட்டும்தான். அவள் கையை எடுக்கும்போது விரல் பட்டு ஒரு பக்கம் அமுங்கிவிட்டது. கிரேஸ் அதைச் சரிசெய்யட்டுமா என்றாள், வேண்டாம் என்றேன். சூளையில் வெடிக்காமல் அது எப்படி வெளியே வந்தது என்பது இன்றுவரை எனக்கு ஆச்சரியம். என் மகள் குப்பையில் போட்டது அதைத்தான்.

அதற்குப் பிறகு வகுப்பு ரொம்ப நாள் நடக்கவில்லை. கிரேஸ் கல்யாணமாகிக் கொச்சிக்குப் போய்விட்டாள். சக்கரங்களைப் புதுச்சேரியில் யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள் என்று கேள்வி. கிட்டங்கி மாடி இப்போது ஜிம். அந்தப் பக்கம் போனால் பையன்கள் இரும்பைத் தூக்கித் தூக்கிப் போடுகிற சத்தம் கேட்கிறது. ஏலக்காய் வாசம் இன்னும் இருக்கிறதா என்று ஏறிப் போய் மோந்து பார்க்கவா முடியும்?

வகுப்பு நின்ற பிறகுதான் எங்கள் வீட்டு ஆண்களுக்கு ஞானம் வந்தது. குலசாமி கும்பிடப் போன இடத்தில் அண்ணனும் சித்தப்பாவும் சேர்ந்து எங்களைக் கூப்பிட்டு எதிரெதிரே உட்காரவைத்தார்கள். “சாமி முன்னாடி சொல்றேன், இன்னையோட விடுங்க. பேசுங்க,” என்றார் சித்தப்பா. ஊரே சுற்றி நின்று பார்த்தது. கிடாக்கறி வெந்துகொண்டிருந்தது, எல்லோருக்கும் பசி வேறு.

“நல்லா இருக்கீகளா மதினி?” என்றேன்.

“நல்லா இருக்கேன். நீ நல்லா இருக்கியா?” என்றாள்.

அப்பாடா என்று எல்லோரும் இலை போடப் போனார்கள். அன்றிலிருந்து அண்ணன், “ரெண்டு பேரையும் சேத்து வச்சது நாந்தான்,” என்று கடைக்கு உரம் வாங்க வருகிறவர்களிடம்கூடச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். எதைச் சேர்த்து வைத்தார், எதைக் கலைத்தார் என்று அவருக்கு எங்கே தெரியப்போகிறது?

இப்போது நாங்கள் பேசிக்கொள்கிறோம். வாரம் தவறாமல் போன் வருகிறது. சாப்பிட்டாச்சா, மழையா, அவுக நல்லா இருக்காகளா, சரி வைக்கட்டா. மண்ணிடம் சொன்ன ஒன்றையும் இதுவரை ஒருவரிடம் ஒருவர் எடுத்ததில்லை. எப்படி எடுக்க முடியும்? அதை அவள் என்னிடம் சொல்லவில்லை, நானும் அவளிடம் கேட்கவில்லை. எங்களுக்குள்தான் அப்போது பேச்சே கிடையாதே. ரெண்டொரு முறை போனில் நானாக வாயெடுத்துப் பார்த்தேன். “மதினி, அன்னைக்குக் கரண்டு போச்சுல்ல...” என்றேன். “இங்கனயும் அடிக்கடி போகுது,” என்றாள். சண்டை போட்டுவிடலாமா என்றுகூட நினைத்திருக்கிறேன். மறுபடி பேச்சு நின்றால் மறுபடி பேசலாம். ஆனால் அவள் இப்போது எதிலும் குறை வைப்பதில்லை.

இன்றைக்குப் பாருங்கள். அண்ணன் மகனுக்குக் கல்யாணம். குலசாமிக்கு அடுத்த பத்திரிகை எனக்கு. மத்தியானம் ரெண்டு பேரும் வாசலேறி வந்தார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, பழம், மாம்பழக் கலரில் பட்டுச்சேலை. கிழக்கே பார்த்து நிற்கவைத்து, மதினி குங்குமம் எடுத்துக் கொடுத்து, “குடும்பத்தோட முன்னாடி நாளே வந்துரணும்,” என்றாள். மகளைக் கூப்பிட்டு அவளுக்கும் தனியாக ஒரு பத்திரிகை வைத்தாள். அன்றைக்கு எந்த மாதிரி வர வேண்டும் என்று நான் பால் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேனோ, அந்த மாதிரி ஒரு இம்மிகூடக் குறையாமல் வந்தாள். சோபாவின் நுனியில் உட்கார்ந்து காப்பியைக் குடித்தாள். அண்ணன் மண்டபத்தின் வாடகையைப் பற்றியும் சமையல்காரரைப் பற்றியும் பேசினார். நான் ‘சரி மதினி, சரி மதினி’ என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

“கைகழுவணும்,” என்று மதினி எழுந்தாள்.

துண்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். காலையிலேயே அதைக் கழுவி, பிரஷ்களை எடுத்துவிட்டு, அமுங்கிய பக்கம் முன்னால் தெரிகிற மாதிரி குழாய்க்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். மதினி குழாயைத் திறந்தாள். அதைப் பார்த்தாள். கையை நனைத்தபடி பார்த்துக்கொண்டே நின்றாள், தண்ணீர் பாட்டுக்கு ஓடியது. அவள் விரல் அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. ஏதாவது சொல்லுவாள் என்று வாசலில் துண்டோடு நின்றேன். என்னிடம் வேண்டாம், அதனிடம். ஏ கழுத, நீ இன்னும் உடையலையா என்று அதைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வேன்.

கூடத்திலிருந்து அண்ணன், “பஸ்சுக்கு நேரமாச்சு,” என்றார்.

மதினி குழாயை மூடினாள். துண்டை வாங்கிக் கையைத் துடைத்து, மடித்து, என்னிடம் கொடுத்தாள்.

“மழை வரும் போலருக்கு. மாடியில துணி காயப் போட்டிருந்தா எடுத்துரு,” என்றாள்.

என் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.